மூன்று முறை பேலன்ஸ் செய்தும் நிற்காத நடுக்கம்

வாசகர் ஒருவர் தமது புதிய எஸ்யூவியைப் பற்றி நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

எட்டுப் பேர் அமரும் பெரிய வண்டி. லேடர் ஃப்ரேம் அமைப்பு (ஏணி வடிவச் சட்டத்தின்மேல் உடலைப் பொருத்துவது), எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சின், 22 இன்ச் சக்கரங்கள். வாங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன, 4,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதற்கு முன்பு விற்பனையாளரின் திறந்தவெளியில் பல வாரங்கள் நின்றிருந்த வண்டி என்பது பிறகு தெரிய வந்தது. நெடுஞ்சாலையில் வேகம் 100-ஐத் தொட்டதும் இருக்கையும் தரையும் நடுங்கத் தொடங்குகின்றன. 105 முதல் 115 வரை உச்சம். 125-ஐத் தாண்டினால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஒரே சாலையில் சில நிமிடங்கள் கடுமையாகவும் அடுத்த சில நிமிடங்கள் இல்லாமலும் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் மூன்று முறை வீல் பேலன்சிங்கும் (சக்கர எடையைச் சமன்செய்வது) ஒரு முறை அலைன்மென்ட்டும் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்தார்கள். கடைசி முறை முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டபோது, இருக்கையின் நடுக்கம் குறைந்து ஸ்டீயரிங்கில் புதிதாக நடுக்கம் தோன்றியது. இறுதியில் "இவ்வகை வாகனத்தின் இயல்பு" என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நண்பர் ஒருவர் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார். மூன்று முறை பேலன்ஸ் செய்தாகிவிட்டதால் டயரில் குறை இருக்க முடியாது என்றும், வந்து வந்து போவதால் எஞ்சினில் பாதி சிலிண்டர்களை நிறுத்தி இயக்கும் மின்னணு அமைப்பே காரணம் என்றும் வாசகர் கருதுகிறார். ஓட்டுவது ஆபத்தா, வெளியில் வேறு சக்கரங்கள் வாங்கிப் போடலாமா, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். சக்கரங்களை முன்பின்னாக மாற்றியதும் நடுக்கம் இருக்கையிலிருந்து ஸ்டீயரிங்குக்கு இடம் மாறியது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று எஞ்சினை யாரும் இடம் மாற்றவில்லை, எஞ்சின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் தொடவில்லை. இடம் மாறியவை சக்கரங்கள் மட்டுமே. பின்சக்கரத்தின் குறை பெரும்பாலும் இருக்கையிலும் தரையிலும் தெரியும், முன்சக்கரத்தின் குறை ஸ்டீயரிங்கில் தெரியும் என்பது இத்தொழிலின் பாலபாடம். ஆகவே முன்பு பின்னால் இருந்து இப்போது முன்னால் இருக்கும் இரண்டு சக்கரங்களே முதல் சந்தேகத்துக்குரியவை. அந்த மாற்றத்தைச் செய்தவர்களே அதன் விளைவைப் படிக்காமல் விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

பேலன்ஸ் ஆன டயரில் குறை இருக்கலாம்

மூன்று முறை பேலன்ஸ் செய்ததால் டயர் குற்றமற்றது என்று நீங்கள் முடிவு கட்டியது இயல்பானதே, ஆனால் சரியன்று. சாதாரண பேலன்சிங் எந்திரம் சக்கரத்தை அந்தரத்தில் சுழற்றி, எடை ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. சாலையிலோ ஒவ்வொரு சக்கரமும் வண்டி எடையில் கால் பங்கை, உங்கள் வண்டியில் ஏறத்தாழ 650 முதல் 700 கிலோவை, சுமந்துகொண்டு உருள்கிறது. டயரின் உட்புறத்தில் ஓர் இடத்தில் அடுக்குகள் சற்று அதிகமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் அந்த இடம் மற்ற இடங்களைவிட விறைப்பாக இருக்கும். அது தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அச்சை மேல்நோக்கித் தள்ளும். அந்தரத்தில் சுழலும்போது இந்த விறைப்பு வெளிப்படவே வெளிப்படாது. எடையைச் சமன்செய்யும் ஈயத் துண்டு எத்தனை ஒட்டினாலும் அதைத் திருத்தவும் முடியாது.

இதை அளப்பதற்கென்றே ரோடு ஃபோர்ஸ் பேலன்சிங் எந்திரம் இருக்கிறது. அதில் ஓர் உருளை சில நூறு கிலோ விசையோடு டயரை அழுத்த, சக்கரம் மெதுவாகச் சுழலும். ஒரு சுற்றுக்குள் அந்த விசை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது எண்ணாகத் திரையில் வரும். ஏற்கத்தக்க உச்ச அளவு உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறும். உங்கள் மாடலுக்குரிய வரம்பு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எண் வரம்பை மீறினாலும் டயரை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. டயரின் விறைப்பான இடத்தையும் ரிம்மின் தாழ்ந்த இடத்தையும் ஒன்றுக்கொன்று நேராக வருமாறு டயரை ரிம்மில் திருப்பிப் பொருத்தினால் ஒன்றின் குறையை மற்றொன்று விழுங்கிவிடும். பல புதிய டயர்களின் பக்கவாட்டில் காணப்படும் சிவப்புப் புள்ளி இதற்காகத்தான் இடப்படுகிறது.

உங்கள் வண்டி பல வாரங்கள் ஒரே இடத்தில் நின்றிருந்தது என்ற செய்தியும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கனமான வண்டி அசையாமல் நின்றால் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி தட்டையாகிவிடும். சில நாட்கள் நின்றதால் வந்த தட்டை, டயர் சூடேறும்வரை இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டினால் பெரும்பாலும் நீங்கிவிடும்; பல வாரங்கள் நின்றதால் வந்தது நிலைத்துப் போவதும் உண்டு. காலையில் புறப்பட்டதும் கடுமையாகவும் ஒரு மணி நேரம் கழித்து மென்மையாகவும் இருக்கிறதா என்று கவனியுங்கள். எங்கள் பணிமனையில் இத்தகைய வண்டியை நன்றாக ஓட்டிச் சூடேற்றிய பிறகே சக்கரத்தைக் கழற்றுவோம். இரவு முழுவதும் நின்ற டயரை அப்படியே எந்திரத்தில் ஏற்றினால் அது வேறு கதை சொல்லும். காற்றழுத்தத்தையும் பாருங்கள். புதிய வண்டிகளைக் கப்பலிலும் லாரியிலும் ஏற்றி அனுப்பும்போது டயரில் கூடுதல் அழுத்தம் வைப்பது வழக்கம். ஒப்படைக்கும் முன் அதைக் குறைக்க மறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது, சரிசெய்யுங்கள்.

செய்யப்பட்ட பேலன்சிங்கே சரியாக நடந்ததா என்பது இன்னொரு கேள்வி. பெரிய, கனமான சக்கரம் எந்திரத்தின் கூம்பில் நடுமையம் தவறி உட்கார்ந்துவிட்டால், திரையில் சுழியம் காட்டும், சாலையில் நடுங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: சுழியம் வந்த பிறகு சக்கரத்தைத் தளர்த்தி, அரைச் சுற்றுத் திருப்பி, மீண்டும் இறுக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். அப்போதும் ஏறத்தாழ சுழியமே வந்தால் நம்பலாம். இருபது முப்பது கிராம் என்று காட்டினால் முந்தைய மூன்று பேலன்சிங்கும் கணக்கில் சேராது. முப்பது கிராம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 22 இன்ச் ரிம்மின் விளிம்பில் இருக்கும் முப்பது கிராம், மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் நான்கரை கிலோவுக்கும் மேற்பட்ட விசையாக மாறி, ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை ஒருமுறை மேலும் கீழும் இழுக்கிறது. பாதி வேகத்தில் அது கால் பங்காகச் சுருங்கிவிடுவதால்தான் ஊருக்குள் ஓட்டும்போது உங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

125-இல் அடங்குவதும், வந்து வந்து போவதும்

வேகம் கூடினால் நடுக்கமும் கூட வேண்டும், ஆனால் 125-இல் அடங்குகிறதே, ஆகவே சக்கரமாக இருக்காது என்று நீங்கள் வாதிட்டிருக்கிறீர்கள். சக்கரமும் அச்சும் சேர்ந்த கனமான தொகுதி, கீழே டயர் என்ற வில்லுக்கும் மேலே சஸ்பென்ஷன் வில்லுக்கும் நடுவில் தொங்குகிறது. அதற்கென்று ஓர் இயற்கையான துள்ளல் வேகம் உண்டு. பொதுவாக நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை. உங்கள் டயரின் அளவுக்கு, 105 முதல் 115 வரையிலான வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு முறை சுழல்கிறது. இரண்டும் பொருந்தும் இடத்தில் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதைப் போலச் சிறிய விசையும் பெரிய ஆட்டமாகிறது. அந்த வேகத்தைக் கடந்ததும் ஒத்திசைவு கலைந்து ஆட்டம் தணிகிறது. குறை அப்படியே இருக்கிறது, வண்டி அதைப் பெருக்கிக் காட்டுவதுதான் நின்றுபோகிறது.

வந்து வந்து போவதற்கும் மின்னணு மர்மம் எதுவும் தேவையில்லை. ஒரே அச்சின் இரு சக்கரங்களிலும் குறை இருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் ஒரே கணத்தில் மேல்நோக்கித் தள்ளினால் உங்கள் இருக்கை குதிக்கும். ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுத்தால் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடுவதால் இந்தப் பொருத்தம் மாறிக்கொண்டே இருக்கிறது. நேர்ச்சாலையிலும் மாறும்: டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.55 மீட்டர், இடதுக்கும் வலதுக்கும் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தாலே ஆறரை கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதாவது உங்கள் வேகத்தில் மூன்றரை நிமிடங்களுக்கு ஒருமுறை, ஒரு முழுச் சுற்று பின்தங்கிவிடும். "சில நிமிடங்கள் கடுமை, சில நிமிடங்கள் இல்லை" என்று நீங்கள் எழுதியது எனக்குக் குறைபாட்டின் கையெழுத்தாகவே தெரிகிறது. உங்களோடு பத்து நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்த்த தொழில்நுட்பர் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை; அவர் ஏறியது நல்ல நேரமாக இருந்திருக்கலாம்.

நொடிக்கு எத்தனை முறை என்று கேளுங்கள்

நடுக்கத்தை "அதிகம்", "குறைவு" என்ற சொற்களால் விவரித்துக்கொண்டிருக்கும்வரை ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பாகத்தை மாற்றச் சொல்வார்கள். அது நொடிக்கு எத்தனை முறை நிகழ்கிறது என்ற எண் கிடைத்துவிட்டால் விவாதம் பெரும்பாலும் முடிந்துவிடும், ஏனென்றால் வண்டியில் சுழலும் ஒவ்வொரு பாகத்துக்கும் அந்த வேகத்தில் ஓர் எண் உண்டு. மணிக்கு 108 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 30 மீட்டர்; அதைச் சுற்றளவால் வகுத்தால் சக்கரத்தின் எண் ஏறத்தாழ 12 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குப் பன்னிரண்டு முறை. ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுழல ஷாஃப்ட் எத்தனை முறை சுழல்கிறது என்பது) 3.23 என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் 38 ஹெர்ட்ஸில் சுழலும். அதன் யூ-ஜாயின்ட் என்ற வளைந்துகொடுக்கும் இணைப்பின் கோணத்தில் குறை இருந்தால் இருமடங்காக 76-இல் தெரியும். எஞ்சின் 1,700 ஆர்பிஎம்மில் இருந்தால் 28. எட்டு சிலிண்டரும் எரியும்போது உந்துதல் 113-இலும், நான்கு மட்டும் எரியும்போது 57-இலும் வரும். நீங்கள் சந்தேகப்படும் சிலிண்டர் நிறுத்தம் காதில் முழக்கமாகவும் காலடியில் ஒரு விதிர்விதிர்ப்பாகவும் உணரப்படுமே தவிர, கோப்பையில் இருக்கும் நீரைக் கண்ணுக்குத் தெரியும்படி குலுக்காது.

இதை வீட்டளவில் அளக்க உங்கள் கைபேசியே போதும். அதிர்வை அளந்து வரைபடம் காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. கைபேசியை மடியில் வைக்காமல் இருக்கையின் உலோகத் தண்டவாளத்தில் அசையாமல் ஒட்டிவைத்து, ஓட்டுபவர் தொடாமல், உடன் வருபவர் பதிவு செய்ய வேண்டும். பல கைபேசிகளின் உணரி நொடிக்கு நூறு முறை அளவில்தான் அளவெடுக்கும் என்பதால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் அது காட்டுவதை நம்ப வேண்டாம். உங்களுக்கு வேண்டிய 12 அதற்குள் வந்துவிடுகிறது. பணிமனைகளிடம் இதற்கென்றே துல்லியமான அளவுகருவிகள் உண்டு. அதைப் பயன்படுத்தும்படி நீங்கள் வற்புறுத்தலாம்.

எஞ்சினை விலக்குவதற்கு இன்னும் எளிய சோதனை ஒன்று. நடுக்கம் இருக்கும் வேகத்திலேயே, கியரை நீங்களாகத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறி, ஒரு கியர் குறைத்து அதே வேகத்தைத் தொடருங்கள். எஞ்சின் சுழற்சி கூடியும் நடுக்கம் மாறவில்லை என்றால் எஞ்சினுக்கு விடுதலை கொடுத்துவிடலாம். நெடுஞ்சாலையில் நியூட்ரலில் உருளவிட்டுப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. அதைத் தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள். எந்த நிலையிலும் ஓடும் வண்டியில் எஞ்சினை அணைக்காதீர்கள், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும்.

அலைன்மென்ட்டைப் பற்றி ஒரு வரி போதும்: அது தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கம் தேயும், நடுங்காது. ஷாக் அப்சார்பரும் நடுக்கத்தை உண்டாக்குவதில்லை. பழுதானால் அடக்கத் தவறும், அவ்வளவுதான். ஐந்து மாத வண்டியில் எண்ணெய்க் கசிவு இல்லாதவரை அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

ஓட்டலாமா?

வாங்கிய நாளிலிருந்து ஒரே அளவில், ஒரே வேக வரம்பில் இருக்கும் நடுக்கம் பொதுவாக எரிச்சலே தவிர அபாயமன்று. ஓட்டுபவரின் களைப்பும் காலப்போக்கில் டயர்களின் சீரற்ற தேய்மானமும் அதன் செலவு. ஆனால் நடுக்கம் திடீரென்று கூடினாலோ, குறைந்த வேகத்துக்கும் பரவினாலோ, டயரின் பக்கவாட்டில் புடைப்புத் தெரிந்தாலோ, தட்டும் ஓசை கேட்டாலோ, ஸ்டீயரிங் தளர்ந்ததுபோல் தோன்றினாலோ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உதவிக்கு அழையுங்கள். ஒரே மாதிரி நடுக்கத்துக்குப் பழகிப்போனவர்கள் கழன்றுவரும் சக்கர நட்டையும் பழைய நடுக்கம்தான் என்று எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது.

"இயல்பு" என்ற பதிலை எதிர்கொள்வது

முழுக்க நியாயமற்ற பதில் என்று இதை நான் சொல்லமாட்டேன். லேடர் ஃப்ரேம் வண்டிகளில் கனமான அச்சும், ரப்பர் தாங்கிகள்மேல் அமர்ந்த உடலும் சேர்ந்து, சிறிய கார் மறைத்துவிடும் குறையைப் பயணிக்கு அப்படியே கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் இயல்பு என்றால் அதே மாடலின் மற்ற வண்டிகளிலும் அது இருக்க வேண்டும். உங்கள் சக்கரத்தை இடம் மாற்றியதும் அது இடம் மாறவும் கூடாது. எனவே அவர்களிடம் இரண்டே காரியங்களைக் கேளுங்கள்.

முதலாவது, நான்கு சக்கரங்களின் ரோடு ஃபோர்ஸ் எண்களும், அந்த மாடலுக்கு உற்பத்தியாளர் விதித்த வரம்பும், எழுத்தில். "பார்த்தோம், சரியாக இருக்கிறது" என்ற வாய்மொழிக்கு எந்த மதிப்பும் இல்லை.

இரண்டாவது, நடுக்கம் இல்லாத மற்றொரு அதே மாடல் வண்டியிலிருந்து அதே அளவுள்ள நான்கு சக்கரங்களைக் கழற்றி உங்கள் வண்டியில் மாட்டி, அதே சாலையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது. ஆயிரம் வாதங்களைவிட இது வலிமையானது, எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டியதும் இல்லை. நடுக்கம் போய்விட்டால் குறை சக்கரத்தில் என்று அவர்கள் கண்முன்பாகவே நிரூபணமாகிவிடும்.

வாரண்டிப் புத்தகத்தை இன்றே ஒருமுறை படியுங்கள். வண்டிக்கு வாரண்டி தருபவர் ஒருவராகவும் டயருக்குத் தருபவர் டயர் உற்பத்தியாளராகவும் இருப்பது பரவலான வழக்கம். ஒருவரையொருவர் கைகாட்டி உங்களை அலையவிடுவதும் இந்த இடைவெளியில்தான். பேலன்சிங் போன்ற சரிசெய்தல்களுக்கான கெடு, வண்டியின் மொத்த வாரண்டியைவிட மிகக் குறுகியதாக இருக்கக்கூடும். ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் புகார், வேக வரம்பு, ஓடிய கிலோமீட்டர் ஆகியவை ஜாப் கார்டில் உங்கள் சொற்களில் பதிவாக வேண்டும். "குறை தென்படவில்லை" என்று எழுதினாலும் அந்தக் காகிதத்தை வாங்காமல் திரும்பாதீர்கள். பழுதுபார்க்க எத்தனை முறை வாய்ப்புக் கொடுத்தும் தீராத குறைக்கு மாற்று வண்டியோ பணமோ கேட்கும் உரிமையைப் பல நாடுகளின் சட்டங்கள் தருகின்றன. அவற்றின் நிபந்தனைகள் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் நுகர்வோர் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்பதே சரி. நான் பொறியாளன், சட்டம் என் துறையன்று. ஆனால் எந்த வழக்கறிஞரும் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்த ஜாப் கார்டுகளைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன். டயரை மாற்றினால் தீரக்கூடிய குறையை வைத்துக்கொண்டு வண்டியையே திருப்பிக் கொடுக்கப் போராடுவது இப்போதைக்கு அவசரம் என்பது என் கருத்து.

அதே காரணத்தால்தான் வெளியில் சக்கரங்கள் வாங்கும் எண்ணத்தை ஒத்திவைக்கச் சொல்கிறேன். அசல் சக்கரங்களைக் கழற்றிய நாளில் உங்கள் சாட்சியமும் கழன்றுவிடும். அதன்பின் எழும் எந்தக் குறைக்கும் "நீங்கள் மாட்டிய சக்கரம்தான் காரணம்" என்ற பதில் தயாராக இருக்கும். மேலும் வெளிச்சந்தைச் சக்கரத்தின் நடுத்துளை, உங்கள் வண்டியில் சக்கரம் மாட்டப்படும் ஹப்போடு கச்சிதமாகப் பொருந்தாவிட்டால், ஒரு நடுக்கத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியவராவீர்கள்.

சக்கர மாற்றுச் சோதனைக்குப் பிறகும் நடுக்கம் அப்படியே இருந்தால் என் சந்தேகம் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். அப்போது தேட வேண்டிய வரிசை: டயல் கேஜ் என்ற நுண்ணளவுகருவியை வைத்து ஹப் தட்டின் கோணல், பிறகு புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் எடைத் துண்டு விழுந்த தடமோ ஒட்டிய சேறோ இருக்கிறதா என்பது, பிறகு ஷாஃப்ட்டைப் பின் ஆக்ஸில் இணைப்பில் அரைச் சுற்றுத் திருப்பிப் பொருத்திப் பார்ப்பது. இவை லிஃப்ட்டில், பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியவை. ஜாக்கியில் நிறுத்தி வீட்டில் சக்கரத்தைச் சுழலவிடும் விபரீதம் வேண்டாம். எந்தச் சோதனைக்காகச் சக்கரத்தைக் கழற்றினாலும், நட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், குறிப்பிட்ட அளவுக்கு, குறுக்கு வரிசையில் இறுக்கச் சொல்லுங்கள். எண்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதே அளவை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.